ஊசி, காசு, காஸ்டிக் சோடா: குழந்தைகளின் வயிற்றுக்குள் குழாய் போன கதை

பேரப்பிள்ளைக்கு எண்டோஸ்கோப்பி செய்யவேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், இது தேவைதானா, ஆபத்து ஒன்றும் இல்லையே என்று போன மாதத்தில் மட்டும் இரண்டு பழைய சிநேகிதர்கள் என்னிடம் கேட்டார்கள். நான் வைத்தியன் அல்ல. புதுவை அரசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் அந்த உத்தியோகத்தில் பதினோரு வருஷம் அரசு ஊழியர்களின் மெடிக்கல் பில்கள் என் மேஜை வழியாகத்தான் போயின. ஒவ்வொரு பில்லிலும் உள்ள வைத்தியத்தின் பெயர் என்ன, எதற்குச் செய்கிறார்கள் என்று தெரியாமல் கையெழுத்துப் போடப் பிடிக்காது. அப்படித் தேடித் தேடிப் படித்ததில் இந்தக் குழாயின் சரித்திரம் எனக்குப் பிடித்துப்போன ஒன்று. நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இந்தக் குழாயை விழுங்கியிருப்போம். குழந்தைகளுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

உடம்புக்குள் எட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை 1806-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து டாக்டர் பிலிப் பொட்சினியிடம் தொடங்குகிறது. ஒரு தகரப் பெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு குழல். அவ்வளவுதான். வியன்னா மருத்துவப் பேராசிரியர்கள் அதை வெறும் வேடிக்கைப் பொருள் என்று ஒதுக்கினார்கள். பொட்சினி மூன்று வருஷத்தில் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார்.

அடுத்த ஆள் பாரிஸ்காரர், அந்தோனென் தெஸொர்மோ. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு இவர்மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரித்த விளக்கின் வெளிச்சத்தைக் கண்ணாடி வழியாகக் குழலுக்குள் செலுத்தி, 1853-ல் பாரிஸ் மருத்துவ அகாதெமியின் முன் வைத்தார். 'எண்டோஸ்கோப்' என்ற சொல்லை இந்தக் கருவிக்கு வழங்கியவர் அவரே. மூத்திரப்பையைப் பார்ப்பதற்குத்தான் அதை அதிகம் பயன்படுத்தினார். விளக்கின் சூட்டில் நோயாளியின் தொடையும் டாக்டரின் மூக்கும் சுட்டுக்கொள்ளும் அபாயம் இருந்தது.

வாய் வழியாக இரைப்பைக்குள் போகலாம் என்ற யோசனையைத் தந்தது சந்தையில் கத்தி விழுங்கும் வித்தைக்காரன். 1868-ல் பிரைபர்க் நகரத்தில் அடோல்ப் குஸ்மௌல் என்ற பேராசிரியர் அப்படி ஒருவரை வரவழைத்து, 47 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான உலோகக் குழாயை விழுங்க வைத்தார். குழாய் போயிற்று. வெளிச்சம்தான் போதவில்லை. 1881-ல் வியன்னாவில் மிக்குலிச் மின்சாரத்தில் ஒளிரும் பிளாட்டினக் கம்பியை வைத்துச் செய்த கருவியில் ஓரளவு தெரிந்தது. ஆனால் எல்லாம் விறைத்த குழாய்கள். வித்தைக்காரனும் வளர்ந்த ஆளும் தலையை அண்ணாந்து பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு வயதுப் பிள்ளை எப்படிப் பொறுக்கும்? ஆகவே குழந்தைகள் இந்தச் சரித்திரத்தில் அதுவரை இல்லை.

அவர்களை உள்ளே கொண்டுவந்தவர் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் 1865-ல் பிறந்த ஒருவர். பெயர் செவாலியே ஜாக்சன். செவாலியே என்றவுடன் நம்மவர்களுக்கு 1995-ல் பிரெஞ்சு அரசு சிவாஜி கணேசனுக்கு அளித்த விருதுதான் ஞாபகம் வரும். இவருக்கு அது பட்டம் அல்ல, பெற்றோர் வைத்த பெயர். அமெரிக்கர்கள் 'ஷெவலியர்' என்று உச்சரிக்கிறார்கள். நான் நம் ஊர் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன்.

ஜாக்சன் தொண்டை டாக்டர். படிப்பு முடிந்ததும் லண்டனுக்குப் போய், அங்கே பேர்பெற்ற மோரல் மெக்கன்சி செய்து வைத்திருந்த உணவுக்குழாய்க் கருவியைப் பார்த்தார். அது வேலைக்கு உதவாது என்று கண்டார். ஊருக்குத் திரும்பித் தானே ஒன்று செய்தார். 1890 வாக்கில் அதை வைத்து ஒரு பெரியவரின் தொண்டைக்குள் சிக்கிய பல்செட்டையும், ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் நின்றிருந்த நாணயத்தையும் எடுத்தார். செய்தி பரவியது. மற்ற டாக்டர்களும் கருவியை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பயிற்சி இல்லாத கைகளில் அது உணவுக்குழாயைக் கிழித்தது, உயிர்கள் போயின. ஜாக்சன் கருவியைப் பரப்புவதை அத்தோடு நிறுத்திக்கொண்டார். கருவி இருந்தால் மட்டும் போதாது, கைக்குப் பழக்கம் வேண்டும் என்று பல வருஷம் அதையே திருத்தித் திருத்தி, நுனியில் சின்ன மின்சாரப் பல்பு வைத்து, கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு முதலில் நாய்களில் பழக்கி, அதற்குப் பிறகுதான் மனிதர்களைத் தொட விட்டார். குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு முதல் பதில் இந்த இடத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். குழாய் எவ்வளவு நல்லது என்பதைவிட, பிடித்திருப்பவர் எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறார் என்பது பெரிய விஷயம்.

அந்தக் காலத்துக் குழந்தைகள் என்ன விழுங்கினார்கள்? துணியில் குத்தும் சேப்டிபின், சட்டைப் பித்தான், காசு, எலும்புத்துண்டு, ஆணி, பொம்மையின் உதிரி. திறந்த சேப்டிபின்தான் மிகப் பொல்லாதது. முனை மேல்நோக்கி நின்றால் இழுக்க இழுக்கக் குத்தும். இதற்கு ஜாக்சன் ஒரு வழி கண்டார். பின்னை மேலே இழுக்காமல் மெதுவாக இரைப்பைக்குள் தள்ளி, அங்கே இருக்கும் விசாலமான இடத்தில் அதைத் திருப்பி, வளைந்த பக்கம் முன்னால் வரும்படி பிடித்து வெளியே கொண்டுவருவது. படிக்கும்போது எளிதாக இருக்கிறது. விளக்குநுனிக் குழாய் வழியாக, அரைக்கண்ணில் தெரியும் காட்சியை வைத்துக்கொண்டு, அழும் பிள்ளையிடம் செய்வது எப்படி என்று யோசித்துப் பார்க்கவேண்டும். மயக்க மருந்தும் பெரும்பாலும் கிடையாது. அக்காலத்து ஈதரும் குளோரோபாரமும் குழந்தைக்குக் குழாயைவிட ஆபத்து என்பது அவர் கணக்கு. உதவியாளர்கள் தலையையும் தோளையும் பிடித்துக்கொள்வார்கள், அவர் சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்.

தாம் எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் அவர் பத்திரப்படுத்தினார். யாரிடம், எந்த வயதில், எங்கே சிக்கியிருந்தது என்று குறித்து வைத்தார். ஒரு குமாஸ்தாவுக்கு இதைப் படித்தால் கண்ணில் நீர் வரும். மொத்தம் 2,374 பொருள்கள். பிலடெல்பியாவில் ம்யூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இன்றும் இருக்கின்றன.

ஆனால் அவரை மிகவும் வாட்டியது ஊசியும் காசும் அல்ல. காஸ்டிக் சோடா. சோப்புக் காய்ச்சவும் அடுப்படிச் சாக்கடை அடைப்பு எடுக்கவும் அமெரிக்க வீடுகளில் டப்பா டப்பாவாக இருந்தது. பார்க்கச் சீனி மாதிரி வெள்ளை வெளேர் என்றிருக்கும். டப்பாவின் மேல் எச்சரிக்கை ஒன்றும் கிடையாது. குழந்தை ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தால் போதும். அமிலம் பட்டால் சதை மேலே பொரிந்து காய்ந்து ஓரளவு தடுத்துக்கொள்ளும். காரம் அப்படியல்ல, சதையைக் கரைத்துக்கொண்டே ஆழமாகப் போகும். ஆறும்போது தழும்பு கட்டி உணவுக்குழாய் சுருங்கிவிடும். முதலில் சோறு இறங்காது, பிறகு பால் இறங்காது, கடைசியில் எச்சிலும் இறங்காது.

இப்படி வந்த ஏழு வயதுப் பெண் குழந்தையைப் பற்றி ஜாக்சன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். புத்தகம் 1938-ல் வந்தது. சுருங்கிய இடத்தில் உணவுக் கசடு ஒரு அடைப்பாகச் சேர்ந்து, பல நாளாகத் தண்ணீர்கூட இறங்காமல் இருந்தவள். அவர் குழாயை விட்டு இடுக்கியால் அந்த அடைப்பை எடுத்தார். நர்ஸ் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். எப்போதும் போலத் திரும்பி வந்துவிடும் என்ற பயத்தோடு அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள். இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது. அவள் தம்ளரை மெல்ல ஒதுக்கிவிட்டு டாக்டரின் கையை எடுத்து முத்தமிட்டாளாம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கோப்பு ஞாபகம் வந்தது. 1980-களின் நடுவில் வேறொரு இலாகாவில் டிரைவராக இருந்தவரின் மகன், இரண்டு வயது. வீட்டில் சோப்புக் காய்ச்சுவதற்காக எவர்சில்வர் டம்ளரில் கரைத்து வைத்திருந்த காஸ்டிக் சோடாவைக் குடித்துவிட்டான். முதலில் வந்த பில்லில் வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்த கணக்கு இருந்தது. 'மலெகோட் கதீட்டர், 16 எஃப்.ஆர்.' என்று எழுதியிருந்தார்கள். எஃப்.ஆர். என்றால் பிரெஞ்சு. உடனே எங்கள் ஆடிட் பிரிவிலிருந்து ஒரு கேள்வி: இது பிரான்சிலிருந்து இறக்குமதியானதா, ஆமென்றால் சுங்க ரசீது எங்கே? நான் குறிப்பு எழுதினேன். ஷாரியேர் என்று சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிசில் அறுவைக் கருவிகள் செய்த ஒருவர் இருந்தார். அவர் வைத்த அளவுதான் உலகம் முழுக்க ரப்பர் குழாய்க்கு இன்றும் அளவு. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஒரு 'பிரெஞ்சு'. பதினாறு என்றால் ஐந்தேகால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மலெகோ என்பதும் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர்தான், குழாய் உள்நாட்டுச் சரக்கு. அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

அந்தப் பையனுக்கு அதன் பின் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் உணவுக்குழாயை விரிவாக்கும் வைத்தியம். எண்டோஸ்கோப் வழியாக ஒரு கம்பியை இறக்கி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களாக விட்டுச் சுருக்கத்தை அகட்டுவது. அகட்டினால் சில வாரம் சாப்பிடலாம், தழும்பு மறுபடி சுருங்கும், மறுபடி போகவேண்டும். முதலில் பதினைந்து நாளுக்கு ஒரு பில், பிறகு மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. நான் அந்த மேஜையில் இருந்தவரை இருபத்தேழு எண்ணினேன். பஸ் டிக்கெட்டுகளைத் தாளில் ஒட்டி வரிசைப்படி தேதி போட்டுக் கொண்டுவருவார் அந்த அப்பா. ஒரு தடவை பில்லோடு ஒரு சேதியும் சொன்னார்: "சார், நேத்து இட்லி தின்னான்." அந்தத் தடவை அவர் டீ வாங்கிக் கொடுத்தார், நான் மறுக்கவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான், பிற்பாடு அவன் கல்யாணப் பத்திரிகையும் வந்தது.

ஜாக்சனுக்கு இப்படி நூற்றுக்கணக்கில் குழந்தைகள். குழாயை வைத்து ஒவ்வொருவராக அகட்டிக்கொண்டே இருந்தால் இது முடியாது என்று அவருக்குத் தோன்றியது. டப்பாவின் மேல் 'விஷம்' என்று அச்சடிக்கச் சட்டம் வேண்டும் என்று கிளம்பினார். சட்டசபைகளுக்கு நடந்தார், வாஷிங்டனுக்கு நடந்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் இதற்காக வைத்த குழுவுக்கு அவரே தலைவர். பல வருஷம் ஆயிற்று. 1927 மார்ச் 4-ம் தேதி ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்துப் போட்டு மத்தியச் சட்டம் வந்தது. காஸ்டிக் சோடா உட்பட 12 வகைப் பொருள்கள். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் டப்பாவில் பொருளின் பெயர், விற்பவர் பெயர், 'விஷம்' என்ற சொல், விழுங்கிவிட்டால் என்ன முதலுதவி என்ற குறிப்பு எல்லாம் இருக்கவேண்டும். இன்று எந்தப் பினாயில் புட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளின் மூதாதை அது. நம் ஊரில் புட்டியில் எழுதியிருக்கிறது, சரி. ஆனால் கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கலர் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் இருக்கும்வரை எழுத்தால் என்ன பிரயோஜனம் என்பது என் கேள்வி.

விறைத்த குழாய் வளையும் குழாயாக மாறிய கதையில் ஒரு இந்தியர் வருகிறார். பஞ்சாபில் மோகா ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து அதன் வழியாகப் படத்தை வளைத்துக் கொண்டுபோகலாம் என்று 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். எங்கள் பள்ளியில் பிசிக் சொல்லிக்கொடுத்த மெஸ்யே, தண்ணீர்த் தாரைக்குள் வெளிச்சம் வளைந்து போவதைத் தகர டப்பாவில் துளை போட்டுக் காட்டுவார். ஜெனீவாவில் கொலாதோன் என்பவர் 1840-களிலேயே செய்து காட்டிய வேடிக்கை அது. அதே தத்துவம்தான் கண்ணாடி இழையிலும்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு லண்டனுக்கே போய் விசாரித்தவர் பாசில் ஹிர்ஷோவிட்ஸ், தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அங்கே லாரி கர்டிஸ் என்ற மாணவர் 1956 டிசம்பரில் ஒரு கண்ணாடி இழைக்கு மேல் வேறுவகைக் கண்ணாடியால் உறை போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் கசியாமல் செய்தார். 1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த வளையும் கருவியை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகுதான் நோயாளிக்கு. எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருக்கிறது. ஜப்பான்காரர்கள் இதைக் கையில் எடுத்து மெலிதாக்கிக்கொண்டே போனார்கள். 1970-களில் குழந்தைகளுக்கென்று ஒல்லியான கருவிகள் வந்தன. அதற்குமுன் குழந்தையின் வயிற்று வலிக்குப் பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுப்பதும், முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து பார்ப்பதும்தான் வழி.

குடலிலிருந்து சதைத்துணுக்கு எடுப்பது வேறு கிளைக்கதை. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயை உறுதி செய்ய, 1957 முதல் ஒரு சின்ன உலோக உருண்டையைக் குழந்தைக்கு விழுங்கக் கொடுப்பார்கள். அதன் பின்னால் நூல் மாதிரிக் குழாய். அது இரைப்பையைத் தாண்டி இறங்கிவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறங்கியதும் காற்றை உறிஞ்சினால் உருண்டைக்குள் இருக்கும் கத்தி பட்டென்று வெட்டும். குழந்தையின் குடல் சுவர் மெலிது, சில சமயம் ஓட்டை விழும். அப்படியிருந்தும் 1969-ல் ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் வகுத்த விதிப்படி ஒரே குழந்தைக்கு மூன்று முறை துணுக்கு எடுக்கவேண்டும். எண்டோஸ்கோப் வந்து உருண்டையை ஒழித்தது. 1990-ல் விதியைத் திருத்தி, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு முறை போதும் என்றார்கள். 2012-லிருந்து, ரத்தத்தில் குறிப்பிட்ட எதிர்ப்பொருள் வழக்கமான வரம்பைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்து மறு பரிசோதனையும் ஒத்துவந்தால் குழாயே தேவையில்லை என்கிறார்கள். மூன்றிலிருந்து சூன்யத்துக்கு வர நாற்பது வருஷம். எப்போது குழாய் வேண்டாம் என்று தெரிந்துகொண்டதையும் முன்னேற்றக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 1979-ல் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. விழுங்க முடியாத குழந்தைகளுக்கு வயிற்றைக் கிழித்துக் குழாய் வைப்பதற்குப் பதில், எண்டோஸ்கோப்பை இரைப்பைக்குள் விட்டு, அதன் விளக்கு வெளியே தோலில் தெரியும் இடத்தில் ஊசியால் துளைத்து, குழாயை வாய் வழியாக உள்ளே இழுத்துவிடுவது. கௌடெரர் என்ற குழந்தை அறுவை டாக்டரும் பான்ஸ்கி என்ற எண்டோஸ்கோப்பி டாக்டரும் முதன்முதலாகச் செய்தது நாலரை மாதக் குழந்தைக்கு. இன்று பக்கவாதம் வந்த நம் வயதுக்காரர்களுக்கு வைக்கும் வயிற்றுக்குழாய் இதே முறைதான். பொதுவாகப் பெரியவர்களிடம் பழகிய வைத்தியம்தான் குழந்தைகளுக்கு வரும். இது குழந்தையிடமிருந்து கிழவர்களுக்கு வந்தது.

சரி, ஆபத்து? குழந்தையின் மூச்சுக்குழாய் மெத்தென்றிருக்கும், உணவுக்குழாய்க்குச் சரியாக முன்னால் ஒட்டியிருக்கும். தடித்த குழாய் பின்னாலிருந்து அழுத்தினால் மூச்சு தடைபடும். அதனால்தான் பத்துக் கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 6 மில்லிமீட்டருக்கு மிகாத கருவி வேண்டும் என்கிறார்கள். பெரியவர்களுக்கு விடுவது 9 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இன்னொன்று, உள்ளே பார்க்கக் காற்று ஊதுவார்கள். அதிகம் ஊதினால் இரைப்பை உப்பி, மேலே மூச்சுத் தசையைத் தள்ளும். மூன்றாவது மயக்க மருந்து. இப்போது குழந்தைகளுக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை குழாயால் அல்ல, மயக்கத்தில் மூச்சு சற்றுக் குறைவதால் வருபவை. அநேகமாக உடனே சரியாகிவிடும். குடலில் ஓட்டை, ரத்தப்போக்கு எல்லாம் மிக அரிது. வெறுமே பார்ப்பதைவிட, சுருக்கத்தை அகட்டுவது போன்ற வைத்தியங்களில் அது கொஞ்சம் கூடுதல்.

இந்தப் பாதுகாப்பில் பெரும்பங்கு ஒரு சின்னக் கிளிப்புக்கு உரியது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்டு தொண்ணூற்றைந்தா தொண்ணூற்றாறா என்று பார்த்தோமே, அதன் அடிப்படை 1974-ல் ஜப்பானில் அயோயாகி தக்குவோ என்ற பொறியாளர் கண்டது. 1980-களில் அறுவை அறைகளுக்கு வந்தது. அதற்குமுன் குழந்தையின் உதடு நீலம் பாய்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். கண்ணுக்குத் தெரியும்போது நேரம் ஆகியிருக்கும். என்னைக் கேட்ட நண்பர்களிடம் நான் சொன்னது இதுதான்: மயக்க மருந்து கொடுக்கத் தனி டாக்டர் இருப்பாரா, அவர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா என்று கேளுங்கள். வெறும் வயிற்றோடு வரச்சொன்ன நேரத்தைச் சரியாகக் கடைப்பிடியுங்கள். வழக்கமாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நாலு, தண்ணீருக்கு இரண்டு. பாவம் குழந்தை என்று பாட்டி ரகசியமாகக் கொடுக்கும் ஒரு பிஸ்கட், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் குழாயைவிட நூறு மடங்கு ஆபத்து.

எதற்குத் தேவை என்பதும் ஒரு கேள்வி. ரத்த வாந்தி என்றால் தயங்கவே கூடாது. நம் நாட்டுக் குழந்தைகளில் கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தநாளம் அடைத்துப்போய், உணவுக்குழாயில் நரம்பு புடைத்து ரத்தம் கக்குவது உண்டு. எண்டோஸ்கோப் வழியாகவே அந்த நரம்பில் ரப்பர் வளையம் மாட்டி நிறுத்துகிறார்கள். விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, எடை குறைதல், காரமோ அமிலமோ குடித்தது, இவையும் அப்படியே. ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்கிறது, எடை நன்றாக ஏறுகிறது, இரவில் தூங்குகிறது என்றால் பெரும்பாலும் குழாய் தேவைப்படாது. ஒரு நண்பரின் பேரன் இந்த இரண்டாவது ரகம். குழந்தை டாக்டரிடம் இன்னொரு முறை விவரமாகப் பேசச் சொன்னேன்.

காசு விழுங்கினால்? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இரைப்பைக்குப் போயிருந்தால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும், பொறுத்திருப்பார்கள். உணவுக்குழாயில் நின்றால் எடுக்கவேண்டும். வாழைப்பழத்தை ஊட்டித் தள்ளிவிடுவது, தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவது எல்லாம் நம் பாட்டிமார் வைத்தியம். நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது வேண்டாம்.

காசு என்று நினைத்தது காசாக இல்லாமல் போவதுதான் இக்காலத்து விபரீதம். பித்தான் மாதிரி வட்ட பேட்டரி. எக்ஸ்ரேயில் ஓரத்தில் இரட்டை வளையம் தெரிந்தால் பேட்டரி. உணவுக்குழாயில் ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி, எதிர்மின் முனை தொடும் இடத்தில் காரம் உண்டாகிறது. ஜாக்சன் டப்பாவின் மேல் பெயர் எழுதவைத்த அதே ரகக் காரம், இப்போது குழந்தையின் தொண்டைக்குள்ளேயே தயாராகிறது. இரண்டு மணி நேரத்தில் ஆழமாக அரித்துவிடும். பின்னால் மூச்சுக்குழாய்க்கோ பெரிய ரத்தநாளத்துக்கோ ஓட்டை போய்ச் சேரலாம். இதற்குக் காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. நடுராத்திரி ஆனாலும் குழாயை விட்டு எடுத்தாக வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளையானால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சற்றுச் சற்றுத் தேன் கொடுக்கலாம் என்று இப்போதைய பரிந்துரை சொல்கிறது. தேன் தேடிப் புறப்படுவதைத் தாமதிக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இதனால் 2020-ல் இறந்தது. அவள் தாய் போராடி, 2022-ல் அவள் பெயரால் 'ரீஸ் சட்டம்' வந்தது. இத்தகைய பேட்டரி போடும் சாமான்களின் மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்யவேண்டும், எச்சரிக்கை எழுதவேண்டும் என்பது விதி.

இந்த பேட்டரி வீட்டில் எங்கே இருக்கிறது என்று நான் ஒரு நாள் தேடினேன். பேத்தியின் பாட்டுப் பாடும் பொம்மையில் ஒன்று, அதன் மூடியில் திருகாணி இருக்கிறது. மற்றவை எல்லாம் எங்கள் கிழவர் சாமான்கள். என் சர்க்கரை பார்க்கும் கருவி, என் மனைவியின் காது மெஷின், எடை பார்க்கும் மெஷின், ஜுரமானி. சர்க்கரைக் கருவியில் இருப்பதன்மேல் 2032 என்று பொறித்திருக்கும். முதல் இரண்டு எண் குறுக்களவு, 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு தடிமன், 3.2 மில்லிமீட்டர். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கி நிற்பதற்கு மிகப் பொருத்தமான அளவு அதுதான். தீர்ந்துபோனதாக நாம் கழற்றி மேஜையில் போடும் பேட்டரியிலும் இந்தக் காரத்தை உண்டாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். நான் இப்போது கழற்றியவுடன் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, மூக்குப்பொடி டப்பா ஒன்றில் போட்டு, பீரோவின் மேல் தட்டில் வைக்கிறேன்.